கடையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்

அத்தியாயம் 17

நார்பர்ட் கிளெம்ப் தன் போனில் ஊர் வரைபடத்தைத் திறந்து, அண்ணன் ரோலியின் பாரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். போட்டதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த பாரைக் கட்டியது அவர்களுடைய அப்பா. வாசல் பலகையில் இன்னமும் 'கிளெம்ப்' என்றுதான் இருக்கிறது.

டாக்டர் அவனைக் குடியை விடச் சொல்லவில்லை. குறைக்கச் சொன்னார். ஈரல் பரிசோதனைத் தாளில் இரண்டு எண்களுக்கு அடியில் கோடு போட்டுக் காட்டினார். கிளினிக்கில் இருந்த பெண் அவன் போனை வாங்கி, குடியைக் குறைக்க உதவும் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். அது காலையில் ஒரு தடவை கேட்கும், மாலையில் ஒரு தடவை கேட்கும். நேற்று எத்தனை கிளாஸ்? இப்போது எவ்வளவு வேண்டும்போல இருக்கிறது? போகாமல் இருந்தால் நல்லது என்று தோன்றும் இடங்கள் உண்டா? அப்படிப்பட்ட இடத்தை வட்டமிட்டு வைத்தால், அதற்குள் போகும்போது எச்சரிக்கும்.

வாரத்துக்கு முப்பது கிளாஸுக்கு மேல் போய்க்கொண்டிருந்தவன் பத்து என்று எல்லை வைத்துக்கொண்டான். ஏழு வாரத்தில் ஐந்து வாரம் எல்லைக்குள் இருந்தான்.

'நம்பிக்கையான ஒருவர்' என்று கேட்ட இடத்தில் மகள் டானாவின் எண்ணைக் கொடுத்திருந்தான். டானா இருப்பது மேடிசனில், நூற்றைம்பது மைல் தள்ளி. மனைவி மார்லிஸ் அதே வீட்டில், அதே மேஜையில், அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரோலி கூப்பிட்டான்.

"ஹார்லன் காய்ச்சல்ல படுத்துட்டான். தவக்கால நோன்பு வெள்ளிக்கிழமைடா, யாரும் கறி தொட மாட்டாங்க. பதினோரு மணிக்கே வாசல்ல வந்து நிப்பாங்க. மீன் பொரிக்க ஆள் இல்ல."

"எனக்கு இன்னிக்கு லீவுதான்."

"தெரிஞ்சுதானே கூப்பிடறேன்."

நார்பர்ட் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். போன ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ததற்கு இன்று விடுப்பு. போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது மார்லிஸ் ஊறுகாய் ஜாடியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, வலது கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறது. அது திரும்பாது.

"போறியா?"

"மத்தியானம் வரைக்கும்தான். சமையல்கட்டோட சரி."

"அந்த வாசப்படியை நான் மிதிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. ஏன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சும்மாதான் கேட்டேன்."

இரண்டு வருஷத்துக்கு முன், கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து பாரிலிருந்து வீடு திரும்பும்போது நார்பர்ட்டின் கார் துறைமுகத்துக் கல்சுவரில் மோதியது. அவனுக்கு உதடு கிழிந்தது. பக்கத்தில் இருந்த மார்லிஸுக்கு மணிக்கட்டும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன. போதும் போதும் என்றேன், கடைசிக் கிளாஸை ரோலிதான் ஊற்றிக் கையில் திணித்தான் என்று நார்பர்ட் ஆஸ்பத்திரியில் சொன்னான். பார்க்க வந்த ரோலியை மார்லிஸ் எல்லார் முன்னாலும் 'குடிகாரா' என்றாள். நீ குடித்துச் சாவது போதாதென்று அவனையும் கூட்டிப் போகிறாயா என்று கேட்டாள். ரோலி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டான். பதில் சொல்லாமல் போனான். அதோடு பேச்சு நின்றது.

கிளம்புமுன் நார்பர்ட், வட்டம் போட்டதையும் சேர்த்து, டானாவுக்கு விவரம் அனுப்பினான். "வட்டத்தை ஒரு நாளைக்கு நிறுத்தி வைக்கலாம்ப்பா, அதுக்கு ஒரு பட்டன் இருக்கு" என்று பதில் வந்தது. அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி போடுவோமா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

பதினொன்றரைக்குள் பார் நிறைந்துவிட்டது. மாதா கோயிலிலிருந்து ஒரு மேஜை, பால் பண்ணைக்காரர்கள் இரண்டு மேஜை, துறைமுகத்து ஆட்கள். நார்பர்ட் முழங்கை வரை மாவோடு மீனைத் தோய்த்து எண்ணெயில் இறக்கினான். பக்கத்து அடுப்பில் உருளைக்கிழங்கு அடை வெந்தது. பரிமாறும் பெவ் பழக்கதோஷத்தில் ஒரு பீரைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். பொரிக்கிறவனுக்கு பீர் என்பது அந்த பாரில் முப்பது வருஷ வழக்கம். அவன் யோசித்தான், குடித்தான், கையைத் துடைத்துக்கொண்டு போனில் பதிந்தான். இந்த வாரத்துக்கு எட்டாயிற்று.

அடுத்ததைக் கொண்டுவந்தபோது, "போதும் பெவ்" என்றான்.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன். அதான்."

போனை அவன் அலமாரித் தட்டில் வைத்திருந்தான். லாரி ஓட்டும்போது திரையைப் பார்க்க முடியாது என்பதற்காக, வருகிற செய்தியை உரக்கப் படிக்கும்படி அதில் வைத்திருந்ததை அவன் மறந்துபோயிருந்தான்.

"நீங்கள் கடினமான இடம் என்று குறித்த பகுதியில் ஒரு மணி நேரமாக இருக்கிறீர்கள்," என்றது போன், தெளிவான பெண் குரலில். "நலமாக இருக்கிறீர்களா? யாரிடமாவது பேச விரும்புகிறீர்களா?"

தட்டுகளை எடுத்துக் கொடுக்கும் ஜன்னல் திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கவுண்டர். கவுண்டரில் ஏழெட்டுப் பேர்.

"நார்ப், யாருய்யா அந்த அம்மா?" என்றார் க்ளாரன்ஸ். மாடுகளை விற்றுவிட்டு, பகல் முழுக்க இங்கேயே உட்கார்ந்திருக்கும் கிழவர். "உன் மாமியார் செத்துப்போயிட்டதால்ல நெனைச்சேன்?"

"மாமியாரா இருந்தா நலமான்னு கேக்க மாட்டாங்களே" என்றான் இன்னொருவன்.

கவுண்டரே சிரித்தது. ரோலியும் சிரித்தான். நார்பர்ட்டின் கை மாவில் இருந்ததால், போனின் வாயை மூடலாம் என்று ரோலியே உள்ளே வந்து போனை எடுத்தான். திரையில் வரைபடம் இருந்தது. தெருப் பெயர், ஏரிக் கரை, சிவப்பு வட்டம், வட்டத்தின் நடுவில் கிளெம்ப்.

ரோலி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தான்.

"இது நம்ம கடை."

"ஆமா."

"கடினமான இடம்."

"ரோலி, மீன் கருகுது. கொஞ்சம் நகரு."

ரோலி நகர்ந்தான். கவுண்டருக்குப் போய் ஒரு கிளாஸில் பனிக்கட்டி போட்டுப் பிராந்தியை ஊற்றி, சர்க்கரையும் ஆரஞ்சுத் துண்டும் போட்டு, செர்ரிப் பழம்கூட மறக்காமல் போட்டு, ஜன்னல் பலகையில் வைத்தான். எல்லாருக்கும் கேட்கும்படி பேசினான்.

"இந்தா. ஆபத்து. நல்லாப் பாத்துக்கோ. கடிக்குதான்னு பாரு."

"இந்த வாரத்துக்கு எட்டு ஆச்சு. இன்னும் ரெண்டு பாக்கி," என்றான் நார்பர்ட், எண்ணெயைப் பார்த்தபடி. "அது நாளைக்கு, மார்லிஸோட சீட்டாடறப்போ."

"என்னய்யா, ரேஷனா?" என்றார் க்ளாரன்ஸ்.

"ஆமா, ரேஷன்தான்."

இந்தத் தடவை சிரிப்பு குறைவாக இருந்தது. ரோலியின் கழுத்து சிவந்திருந்தது.

"அப்பா கட்டின கடைடா இது. நீ வட்டம் போடறே. அப்பா இருந்திருந்தா…"

"அப்பா அம்பத்தேழு வயசுல செத்தாரு. நீ நிக்கறே பாரு, அந்த இடத்துல. இதயம்னு சொல்லிட்டுத் திரியறோம். இதயம் இல்ல, உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்." குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, கம்பிக் கூடையைத் தூக்கி உதறினான். "ஆறாம் நம்பர் மேஜைக்கு ரெடி, பெவ்."

பெவ் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் பால் பண்ணைக்காரர்கள் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பிராந்தி பலகையிலேயே இருந்தது. பனிக்கட்டி கரைந்து நிறம் வெளுத்தது. ஒரு மணி சுமாருக்கு பெவ் யாரையும் கேட்காமல் அதைத் தொட்டியில் கொட்டினாள்.

இரண்டரை மணிக்குக் கூட்டம் கலைந்தது. நார்பர்ட் பின்பக்கச் சரக்கறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து காலை நீட்டினான். ரோலி வந்து கதவைச் சாத்தினான். சண்டையின் மிச்சத்துக்குத்தான் வந்திருக்கிறான் என்று நார்பர்ட் நினைத்தான். ரோலி இன்னொரு கூடையைக் கவிழ்த்தான்.

"அது என்னடா கேக்கும்?"

"எது?"

"அந்தப் பொம்பளை."

"நேத்து எத்தனைன்னு கேக்கும்."

"பொய் சொன்னா?"

"அதுக்குத் தெரியாது. எழுதிக்கும்."

"அப்புறம் என்ன பிரயோஜனம்?"

"ஞாயித்துக்கிழமை வாரம் முழுக்கப் படமாப் போட்டுக் காட்டும். ரெண்டாவது வாரம் நான் பொய் சொன்னேன். படம் ரொம்ப அழகா இருந்துச்சு. ரெண்டு நாள் போனையே தொடல. பொய் சொல்றதா இருந்தா இது வேலைக்கு ஆகாது ரோலி. அவ்வளவுதான் நான் கத்துக்கிட்டது."

ரோலி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு எத்தனைன்னு கேளேன்."

"எத்தனை?"

"பதினாலு."

"வாரத்துக்கா?"

"நேத்து."

டாக்டரிடம் தான் சொன்ன எண் நார்பர்ட்டுக்கு ஞாபகம் வந்தது. அது ஒரு வாரத்துக்கு முப்பது.

"ஊத்தறவன் எண்ண மாட்டான்டா," என்றான் ரோலி. "காலைல கை நடுங்குது. கிளாஸ் அடுக்க முடியல. செவ்வாய்க்கிழமை நாலு கிளாஸ் உடைஞ்சுது. பெவ் பெருக்கிட்டு, பாக்காத மாதிரி போறா. அதான் நேத்து எண்ணிப் பார்த்தேன்."

"உனக்கு டாக்டர்தான் மொதல்ல. இந்த அளவுக்கு மேல போனவன் சட்டுனு நிறுத்தினா வலிப்பு வரும்னு சொல்லியிருக்காங்க."

"போறேன். திங்கக்கிழமை போறேன். அதுவரைக்கும் இதைப் போட்டுக் குடு."

நார்பர்ட் அவன் போனை வாங்கி செயலியை ஏற்றினான். பதினான்கு என்று பதிந்ததுமே, குறைக்கத் தொடங்குமுன் மருத்துவரைப் பாருங்கள் என்று கிளினிக் எண்ணைக் காட்டியது. ரோலி அந்த எண்ணைத் தானே ஒரு பெட்டி மூடியில் எழுதிக்கொண்டான். அடுத்து, கடினமான இடங்கள்.

"உன்னை மாதிரி நானும் வட்டம் போடறேன்னு வெய்யி," என்றான். "நான் எங்கடா போறது? கீழ வேலை, மேல மாடியில படுக்கை. கண்ணு முழிக்கறதே வட்டத்துக்குள்ளதான்."

அந்தக் கேள்வியைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். நம்பிக்கையான ஒருவர். ரோலி போனை வாங்கி, யோசிக்காமல் ஓர் எண்ணைத் தட்டினான். நார்பர்ட் எட்டிப் பார்த்தான். அது மார்லிஸின் எண்.

"வெளையாடாத."

"வெளையாடல."

"ரெண்டு வருஷமா உன்னோட பேசாதவ. வேற ஆளே கெடைக்கலையா?"

"யாரைப் போடச் சொல்றே? பெவ்வையா? நான் நீட்டினா அவ ஊத்துவா. க்ளாரன்ஸையா? எனக்கு முன்னால ஆரம்பிக்கறவரு. நீயே ஏழு வாரத்துக் கொழந்தை. என் மூஞ்சிக்கு நேரா குடிகாரன்னு சொன்னது மார்லிஸ் ஒருத்திதான்டா."

"அவ கேள்வி கேப்பா ரோலி."

"கேக்கட்டும்."

"அந்த ராத்திரியைப் பத்திக் கேப்பா."

ரோலி அவனை நேராகப் பார்த்தான்.

அந்த இரவு நடந்தது இவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். விருந்து முடிந்து மார்லிஸ் காரில் போய் உட்கார்ந்துவிட்டாள். ரோலி தம்பியைப் பார்த்து இன்றைக்குப் போதும் என்று சொல்லிவிட்டு, பீப்பாய் மாற்ற நிலவறைக்கு இறங்கினான். நார்பர்ட் கவுண்டரைச் சுற்றி உள்ளே போய்த் தானே ஊற்றிக் குடித்தான். மறுபடியும் ஊற்றிக் குடித்தான். ரோலி மேலே வந்து கார் சாவியைக் கேட்டான். அவன் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் சொன்னது வேறு.

"நீ என் தம்பி," என்றான் ரோலி. "அவ கட்டுப்போட்டுக் கெடந்தா. அந்த நேரத்துல நான் என்னத்தைச் சொல்ல? நாளாக ஆகச் சொல்லவே முடியல. ஆனா இதுல பொய் சொன்னா வேலைக்கு ஆகாதுன்னு நீதானே சொன்னே, இப்பத்தான், அஞ்சு நிமிஷம் முன்னால. நானா எதுவும் சொல்ல மாட்டேன். அவ கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

அவன் கட்டைவிரல் திரையில் 'அனுப்பு' என்ற இடத்தை அழுத்தியது.

நார்பர்ட் சமையலுக்குக் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து மூட்டையின் மேல் போட்டான். வீடு நான்கு மைல். வழியில் பனி உருகிச் சாலையோரம் தண்ணீர் ஓடியது. அவன் வேகமாக ஓட்டவில்லை. சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்றும், போய்ச் சேராமலே இருக்க வேண்டும் என்றும் ஒரே சமயத்தில் இருந்தது.

மார்லிஸ் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். போன் எதிரே கிடந்தது. அவன் கதவைத் திறந்ததும் அதை எடுத்துப் படித்தாள்.

"'ரோலண்ட் கிளெம்ப் தன் குடியைக் குறைக்க முயல்கிறார். தன் நம்பிக்கைக்குரியவராக உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். உங்களுக்குச் சம்மதமா?'" போனைக் கீழே வைத்தாள். "குடிச்சிட்டு எல்லாருமா வெளையாடறீங்களா?"

"இல்ல. நிஜம்தான். உடம்பு மோசமா இருக்கு அவனுக்கு."

"என்னையா தேர்ந்தெடுத்தான்?"

"ஆமா."

"என் புருஷன் என்னைத் தேர்ந்தெடுக்கல. அவன் அண்ணன் தேர்ந்தெடுக்கறான்." அவள் சிரிக்கவில்லை. "எதுக்கு? நான் ஒத்துக்க மாட்டேன்னு தெரியாதா அவனுக்கு? என் கையை இப்படி ஆக்கினவன்."

நார்பர்ட் கோட்டைக் கழற்றாமல் நின்றான். உடம்பெல்லாம் மீன் எண்ணெய் வாடை.

"மார்லிஸ், கடைசிக் கிளாஸை அவன் ஊத்தல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் ஊத்திக்கிட்டேன். அவன் கீழ பீப்பாய் மாத்தப் போயிருந்தான்."

"அதுக்கு முந்தினது?"

"அதுவும் நான்தான். அவன் சாவியைக் கேட்டான். நான் குடுக்கல."

குளிர்சாதனப் பெட்டி உறுமி நின்றது. மார்லிஸ் இடது கையை மேஜை மேல் வைத்து வலது கையால் மூடிக்கொண்டாள்.

"அவனை நான் அத்தனை பேர் முன்னாடி பேசினேன்."

"ஆமா."

"நீ அடுத்த ரூம்ல இருந்தே. கதவு தெறந்துதான் இருந்துச்சு. காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"எல்லாம்?"

"எல்லாம்."

அவள் தலையசைத்தாள், ஒரு விலாசத்தைச் சரிபார்த்துக்கொண்டவள்போல.

"ரெண்டு வருஷமா நான் ரோலியோட பேசல," என்றாள். "உன்னோட பேசிட்டிருந்தேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்க்கவில்லை. போனை எடுத்து 'சம்மதம்' என்ற இடத்தை அழுத்தினாள். எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னாலிருந்து கோட்டை எடுத்தாள். இடது கையை நுழைக்க அவளுக்கு ஆள் வேண்டும். நார்பர்ட் வழக்கம்போல இரண்டடி முன்னால் வந்தான். அவள் திரும்பி நின்றுகொண்டு, கோட்டின் கையைப் பல்லால் பிடித்து இழுத்து, நேரம் எடுத்துக்கொண்டு, தானே போட்டுக்கொண்டாள்.

"எங்க போறே?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. அந்தக் கடையில மீன் சாப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

"நானும் வரேன்."

"நீ வராத."

அவள் கார் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலை குனிந்திருப்பது சமையலறை ஜன்னல் வழியே தெரிந்தது. பிறகு கார் சாலைக்கு இறங்கி ஏரிப் பக்கம் திரும்பியது.

நார்பர்ட்டின் போன் அடித்தது. டானா.

"அப்பா, அம்மா இப்பத்தான் மெசேஜ் அனுப்பியிருக்காங்க. நாளைக்குக் காலைல வரணுமாம். பின் சீட்டை மடக்கிட்டு வா, சாமான் இருக்குங்கறாங்க. என்ன சாமான்? என்ன ஆச்சு? நீங்க குடிச்சீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. எழுதியிருக்கேன். அது விஷயம் இல்ல."

"பின்ன?"

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அப்போதுதான் கோட்டைக் கழற்றவில்லை என்பது தெரிந்தது.

"டானா, உனக்கு நேரம் இருக்கா? ரெண்டு வருஷத்துக்கு முந்தி நடந்ததைச் சொல்லணும். முடிக்கிற வரைக்கும் குறுக்கப் பேசாத."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கப்பா."